ரெஜினா கிழித்துக் காட்டிய சவ்வு

செய்தி வந்தபோது நான் லேசர் அறைக்குள் இருந்தேன். கைப்பேசி கொண்டுபோக முடியாத இடம் அது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. உள்ளே இருப்பவரை அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் கண்ணாடிச் சுவரைத்தான் தட்ட வேண்டும். நான் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அப்படித் தட்டியதில்லை. அன்று காலை ஷிப்ட் சூப்பர்வைசர் தட்டினார். வாயு ஏதும் கசிந்துவிட்டதோ என்று முதலில் எச்சரிக்கை விளக்கைத்தான் பார்த்தேன். அது பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றும்போதே அவர் சொன்னார். "ரெஜினா மேடம் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் படியில உக்காந்துட்டாங்களாம் சார்."

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க?"

"போற வழியிலயே..." என்று நிறுத்திக்கொண்டார்.

ரெஜினாவை அறிந்த உங்களுக்கு அந்த முதல் வாக்கியமே போதும். அவர் உட்காருகிறவர் அல்ல. ரயில் நிலையத்து நடை மேம்பாலத்தில் இரண்டிரண்டு படியாக ஏறுகிறவர். கூட்டங்களில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டுவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். அப்படிப்பட்டவர் காலை நேரக் கூட்டத்தின் நடுவே ஒரு படியில் உட்கார்ந்தார் என்றால், அது வெறும் களைப்பாக இருந்திருக்க முடியாது.

நான் மறுபடி உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். எதற்கு என்று தெரியவில்லை. இயந்திரத்தின் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன். அன்று முழுவதும் அப்படியே போய் வந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஆலை உணவுக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், "அவரே நமக்கெல்லாம் ஒரு பாதுகாப்புச் சவ்வாக இருந்தார்" என்று பேசினார். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ரெஜினா இருந்திருந்தால், "சவ்வு சவ்வுதான் சார், என்ன எதுக்கு இழுக்கிறீங்க?" என்று கேட்டிருப்பார். அந்தப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இதை எழுதுகிறேன். அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்பதை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். அவர் சவ்வு செய்கிறவர். நான் அதை லேசரில் போட்டு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறவன். இந்தச் சவ்வு எதற்கு என்பதை எங்கள் வீட்டில் என்னால் ஒருபோதும் விளங்கவைக்க முடிந்ததில்லை. கைப்பேசிக்குள் இருக்கும் சில்லின், அதாவது 'சிப்'பின், சுற்றுகளை முதலில் ஒரு கண்ணாடித் தகட்டில் படமாக வரைகிறார்கள். அந்தப் படத்தின் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, சிலிக்கான் மேல் அச்சிடுகிறார்கள். படத்தின் மேல் ஒரு தூசி விழுந்தாலும் அடிக்கிற ஒவ்வொரு சில்லிலும் அந்தத் தூசியின் நிழல் விழும். அதனால் தகட்டுக்குச் சற்று மேலே, ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வை மாட்டுகிறார்கள்.

"அப்போ தூசி அந்தச் சவ்வு மேல விழாதா?" என்று ஒருமுறை என் மனைவி கேட்டாள். வீட்டுக்கு வந்திருந்த ரெஜினா நடந்துகொண்டே பதில் சொன்னார்.

"விழும். விழட்டும். கொசுவலை மேல கொசு உக்காந்தா உனக்கு இன்னா? உன் மேல உக்காந்தாதானே கடி?"

இவ்வளவுதான். தள்ளி இருக்கிற தூசியின் நிழல் கலைந்துவிடும், அச்சில் விழாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஒளி முழுவதும் சவ்வைத் தாண்டித்தான் போக வேண்டும். மொட்டை மாடியில் போட்ட பிளாஸ்டிக் குடம் இரண்டு கோடையில் வெளிறி நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலிலிருக்கும் புற ஊதாவே அந்தப் பாடு படுத்துகிறது. எங்கள் லேசர் அதைவிடப் பல மடங்கு கடுமையானது. சோப்புக் குமிழியின் தோல்போல இருக்கும் ஒன்று அந்த அடியை வாங்கிக்கொண்டு, நிறம் மாறாமல், மெலியாமல் நிற்க வேண்டும்.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவருடையது. அப்பா கேளம்பாக்கம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர். வேதியியலில் பட்டம், முனைவர் பட்டம் எல்லாம் வாங்கிய பிறகும் ஊர்ப் பேச்சை அவர் விடவில்லை. "இன்னா முரளி, கிழிஞ்சிதா?" என்பதுதான் எனக்கு அவருடைய காலை வணக்கம். கிழியவில்லை என்றால் முகம் வாடும்.

சில வருடங்களுக்கு முன்னால் அவர் செய்த ஒரு சவ்வுக் கலவை மிக நன்றாக வந்தது. வாரக்கணக்கில் லேசரை நிறுத்தாமல் ஓட்டினேன். அசையவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஒரு குழு வந்து பார்த்தது. சாயங்காலம் அவர்களை மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதிக்கு விருந்துக்கு அழைத்துப் போனோம். சாப்பாட்டின் நடுவே ஒருவர், இது எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டார். எங்கள் பிரிவுத் தலைவர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், நின்றுகொண்டிருந்த ரெஜினா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார், அது இன்னும் கிழியவில்லை, அதனால் தெரியாது என்று.

வெளியே மணலில் நான் அவரைக் கடிந்துகொண்டேன். "ஆர்டர் குடுக்க வந்தவங்ககிட்ட அப்படியா சொல்றது?"

"நிக்குதுன்னு யாரு வேணா சொல்லலாம் முரளி. எப்போ கிழியும்னு சொல்லத் தெரிஞ்சாதான் நான் அத்தச் செஞ்சேன்னு அர்த்தம்" என்றார்.

எப்படியோ ஆர்டர் கிடைத்தது. முதல் தொகுதி அனுப்புவதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்காக லேசரை நிறுத்தினோம். லேசர் இருக்கும் தூசியில்லாச் சுத்த அறைக்குள் சந்தனமும் குங்குமமும் வைக்க முடியாதல்லவா? அதனால் வெளிக்கதவில் பொட்டு வைத்து, அங்கேயே பூசணிக்காய் சுற்றி, சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் சாம்பிராணி போட்டவர் கன்னியப்பன். கோவளத்துக்காரர், கடல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர், சவ்வைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிற வேலையில் எங்களிடம் ஒப்பந்தத்தில் இருந்தார். சுருக்கம் விழாமல் அதைக் கட்டுவதற்கு அவரைப் போல இன்னொருவர் எங்கள் பிரிவில் இல்லை.

விடுமுறை முடிந்து லேசரைப் போட்டேன். அதுவரை அசையாதிருந்த அதே சவ்வு வழியாக வரும் ஒளி சட்டென்று குறைந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முழுதாக ஏறவில்லை. நான் உணர்கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். அதை மாற்றினேன். குறைவு அப்படியே இருந்தது.

பிரிவுத் தலைவர் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: "சாம்பிராணி." புகை உள்ளே போய்ச் சவ்வில் படிந்துவிட்டது, போட்டவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு மேலே ஆக வேண்டியதைப் பாருங்கள் என்றார். கன்னியப்பன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "வருஷா வருஷம் போடறதுதான சார்" என்றார் மெதுவாக. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை நான் ஆலைக்குள் நுழைந்தபோது சுத்த அறைக் கதவுக்கு முன்னால் ஒரே புகை. புதிய சவ்வு ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்க, வெளியே ரெஜினா கையில் தூபக்காலோடு நின்றுகொண்டிருந்தார். சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் ஓடி வந்தார். "இன்னாம்மா இது, ஆபீஸா கோயிலா?"

"நீங்கதான சார் புகைன்னீங்க? நல்லாவே போட்டுப் பாத்துடலாம். முரளி, லேசர நிறுத்தாத."

நான் நிறுத்தவில்லை. சவ்வு அசையவில்லை. காற்று வடிகட்டிகள் அந்தப் புகையை உள்ளே விடவே இல்லை. கன்னியப்பனுக்கு அன்று கண் கலங்கிவிட்டது. "புகையில எரியுதுக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மேல் பழி இல்லை என்று ஆயிற்று.

ஆனால் ரெஜினா அங்கே நிற்கவில்லை. புகை இல்லையென்றால் வேறென்ன? விடுமுறையில் மாறியது ஒன்றுதான். லேசர் நின்றிருந்தது. "அடி வாங்கும்போது ஒன்னும் ஆவல. ஓய்வு குடுத்தாத்தான் இன்னாவோ ஆவுது" என்று அறைக்குள் நடந்தபடியே சொன்னார். அடுத்து நாங்கள் செய்தது அதைத்தான். பகலில் லேசர், பிறகு நிறுத்திவிட்டுச் சவ்வைச் சாதாரணக் காற்றில் வைத்தோம், மறுநாள் மறுபடி லேசர். சில்லு ஆலைகளில் அந்தத் தகடுகள் அப்படித்தானே இருக்கும்? அச்சடிப்பார்கள், அலமாரியில் வைப்பார்கள், பிறகு எடுப்பார்கள்.

ஒவ்வொரு முறை போடும்போதும் ஒளி குறைந்தது. ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் குறைவாகவே தேறியது. ஒரு மதிய நேரத்தில் கேமராத் திரையில் சவ்வின் நடுவில் நிறம் மாறத் தொடங்கியது. பச்சையாகத் தெரிந்தது மஞ்சளானது. மெலிகிறது என்று பொருள். ரெஜினா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓசையே இல்லாமல் அது கிழிந்தது. ஓரத்தில் சுருண்டு ஒட்டிக்கொண்டது. சட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

அது அவர் வருடக்கணக்கில் பாடுபட்டுச் செய்த சவ்வு. தான் சொன்னது சரியாகிவிட்டது என்று அவர் மகிழ்ந்ததாக இரங்கல் கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம். இல்லை. வெளியே போனார். உச்சி வெயிலில் ஆலைக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஜன்னல் வழியாக அவர் தலை போவதும் வருவதும் தெரிந்தது. திரும்பி வந்து, "நாளைக்கு வேற ஒன்னு போடு. இதே மாதிரி கிழியுதா பாரு" என்றார். போட்டேன். இதே மாதிரிதான் கிழிந்தது.

தலைவர் கெட்ட மனிதர் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் இருவரிடமும் பேசினார். வாடிக்கையாளர் கேட்டிருப்பது நிறுத்தாமல் ஓட்டும் சோதனை மட்டும்தான். அதில் நாம் தேறிவிட்டோம். அதைச் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்த தொகுதிக்குள் கலவையைச் சரி செய்துகொள்ளலாம். "இந்த ஆர்டரை நம்பி எத்தனை குடும்பம் இருக்குன்னு தெரியுமா?"

"அவங்க ஊர்ல லேசருக்கு லீவே உடமாட்டாங்களா சார்?" என்றார் ரெஜினா. "நடுவுல கிழிஞ்சா துண்டுங்க அந்தத் தகடு மேலதான விழும்? தூசி விழக்கூடாதுன்னு மாட்டினதே தூசியாப் பூடும்."

சோதனை முடிவு முழுவதையும் அனுப்பினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். அனுப்பினார்கள். வாடிக்கையாளர் நன்றி சொன்னார், ஆர்டரை நிறுத்திவைத்தார். சில வாரங்களில் எங்கள் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்த எல்லோருடைய வேலையும் போயிற்று. கன்னியப்பன் வேலையும்தான்.

இங்கேதான் என் மனம் இன்னும் நிலைகொள்ளாமல் தவிக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெஜினா என்னைக் கூப்பிட்டார். கன்னியப்பன் வீட்டுக்குப் போக வேண்டும், நீ காரை எடு என்றார். கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்ச் சேரும்வரை கதவுப் பிடியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். கன்னியப்பன் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழவில்லை. அவருடைய மனைவி மட்டும் நாற்காலி போட்டு டீ கொண்டுவந்து வைத்தாள். ரெஜினா உட்காரவில்லை.

"கன்னியப்பா, நான்தான் சொல்லணும்னு வந்தேன். அது கிழியும்னு தெரிஞ்சிகினு எப்பிடி அனுப்பறது?"

கன்னியப்பன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ புகை போட்டுக் காட்டினப்போ எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமாக்கா? அத்தோட உட்டிருக்கலாம். சாம்பிராணின்னே இருந்திருந்தா என் ஒருத்தன் வேலதான் போயிருக்கும். இப்போ அத்தினி பேரும் வூட்ல குந்திகினு கீறோம்."

"தப்பு உம்மேல இல்லன்னு தெரியவேணாமா?"

"தெரிஞ்சி? மெடலு குத்தினாங்களா?"

ரெஜினா இரண்டு அடி நடந்து திரும்பினார். "நான் வேற செய்வேன். கிழியாதது செய்வேன். செஞ்சதும் மொத ஆளா உன்னக் கூப்பிடுவேன்."

"சரி. அதுவரைக்கும்?"

ரெஜினா வாயடைத்து நின்றதை அந்த ஒருமுறைதான் நான் பார்த்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. கன்னியப்பனின் மனைவி, "குடிங்கக்கா, டீ பாவம் இன்னா செய்யும்" என்று டம்ளரைக் கையில் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் அவர் விரல்கூடத் தட்டவில்லை.

அதன்பிறகு அவரை மாத்திரை அட்டைகளுக்கான பிளாஸ்டிக் தாள் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தார். மீதி நேரத்தில் எங்கள் பழைய ஆய்வகத்துக்கு வந்து கலவைகளோடு மல்லுக்கட்டினார். சவ்வின் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். அவற்றின் முனைகள்தான் பலவீனம், அங்கேதான் காற்றின் ஈரம் வந்து ஒட்டுகிறது, அடுத்த அடியில் அங்கிருந்துதான் அறுகிறது என்று கண்டுபிடித்தார். "வேட்டி நடுவுலயா நையும்? ஓரந்தான் மொதல்ல நையும். ஓரத்தை மடிச்சித் தைக்கணும்" என்பார். அந்த முனைகளை மூடுகிற வழியைத் தேடித்தான் கடைசி வருடங்கள் போயின. எத்தனையோ கலவைகள் வந்தன, கிழிந்தன. போன கோடையில் வந்த ஒன்று மட்டும் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி, இன்றுவரை நிற்கிறது. நிற்கிறது என்று நான் சொன்னபோது அவர், "இன்னும் ஓட்டு" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சொன்னேன். அவருக்கு அது பாராட்டாகப் படவில்லை.

அவரைக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கணவர் ஆரோக்கியசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வூட்லயும் அப்பிடித்தான் சார். தட்டைக் கையில வச்சிகினு நடந்துகினேதான் சாப்பிடுவா. ஒருநாளாச்சும் உக்காருடின்னு சொல்லிகினே இருப்பேன்" என்றார்.

எல்லோரும் மண் போட்டுவிட்டுக் கலைகிற நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டையோடு கன்னியப்பன் இறங்கினார். கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு ஆட்டோ ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். குழிக்குப் பக்கத்தில் போய் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். என்னிடம் வந்து நின்றார்.

"வருவேன்னு நெனைக்கல இல்ல சார்?"

"இல்ல."

"அந்தக்கா மேல எனக்குக் கோவம் கீது. இன்னும் கீது. அதான் வந்தேன்." கையிலிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்தார். "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு போன் பண்ணும். இன்னும் ஆவல கன்னியப்பா, செஞ்சிகினு கீறேன்னு சொல்லும். நான் ஒன்னும் பேச மாட்டேன். ஆனா போன எடுக்காம இருந்ததில்ல."

எனக்கு இது தெரியாது. ரெஜினா சொன்னதே இல்லை.

கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "சார், புதுசு நிக்குதா?"

"நிக்குது. இன்னும் ஓட்டிகினு இருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். ஊர் திரும்ப ஆட்டோவில் ஆட்கள் ஏறிக் காத்திருந்தார்கள். போய்விட்டார்.

ரெஜினாவை அறிந்த நண்பர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று யோசித்துப் பார்த்தேன். பலரும் அவருடைய நேர்மையைச் சொல்கிறார்கள். அது அவரோடு போய்விட்டது. என்னிடம் அவ்வளவு இல்லை. எனக்கு மிஞ்சியது ஒரு நிம்மதியின்மை. நல்ல முடிவு வந்தால் எனக்கு இப்போது பயம் வருகிறது. அதை எப்படிக் கிழிப்பது என்று தேடத் தொடங்கிவிடுகிறேன். அதோடு "அதுவரைக்கும்?" என்ற கன்னியப்பனின் அந்த ஒற்றைச் சொல்லும் என்னிடம் இருக்கிறது. அதற்கு ரெஜினாவால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசிவரை அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

சென்ற வாரம் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். புதிய சவ்வைக் கேட்டு வாடிக்கையாளர் மறுபடி எழுதியிருக்கிறார், இழுத்துக் கட்டுவதற்கு ஒப்பந்த ஆட்களை எடுக்கலாமா என்றார். எடுக்கலாம் என்றேன். ஆனால் ஒரு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்றேன். சோதனையில் சவ்வு கிழிந்தால், அடுத்தது தயாராகும்வரை அவர்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. நாளைக் காலையில் போய் மறுபடி கேட்பேன்.